சி பிளஸ் பிளஸ் தெரியாட்டி என்ன... புள்ளி வைக்கத் தெரியுமே!

'ஃபிராக்டல்' என்றால் என்ன என்று கேட்டால், எங்கள் கிளாஸில் பாதிப் பேர் ஃபார்முலா எழுத ஆரம்பித்துவிடுவார்கள். லோயர் கேம்ப்காரனான எனக்கு அந்தக் கஷ்டமே இல்லை பாஸ்... கையை நீட்டிக் காட்டினால் போதும்! தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வரும் பெரியாற்றுத் தண்ணீர், ராட்சதக் குழாய்களில் இறங்கி, பவர் ஹவுஸில் கரன்ட்டைக் கொடுத்துவிட்டு ஆறாக ஓடுகிறது. எங்கள் ஊரிலேயே 18-ம் கால்வாய் பிரிகிறது. கீழே போகப் போக ஆற்றிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயலுக்கு மடை. பெருசில் நடக்கிற அதே கதைதான் சிறுசிலும். இப்படி ஒரு துண்டைப் பெரிதாக்கினால் முழுசின் ஜாடை தெரிகிற வடிவங்களுக்கு, 1975-ல் மாண்டல்பிராட் என்ற கணித மேதை வைத்த பெயர்தான் ஃபிராக்டல்.

இதைக் கம்ப்யூட்டரில் வரைய ஒரு காலத்தில் புரோகிராம் எழுதத் தெரிந்தாக வேண்டும். 'நமக்கெதுக்கு வம்பு' என்று ஓவியர்கள் ஒதுங்கிப் போக வேண்டியதுதான். 1992-ல் ஸ்காட் டிரேவ்ஸ் என்ற அமெரிக்கர் 'ஃபிராக்டல் ஃப்ளேம்' என்ற முறையைக் கண்டுபிடித்தார். நெருப்பு மாதிரி, புகை மாதிரி, காற்றில் பறக்கும் பட்டுத்துணி மாதிரி நெளியும் படங்கள். அந்த முறையில் வந்த இலவச சாஃப்ட்வேர்தான் 'அப்போஃபிசிஸ்'.

இதில் ஒரு வரி புரோகிராம்கூட எழுத வேண்டாம். திரையில் சில முக்கோணங்கள் இருக்கும். ஒரு மூலையைப் பிடித்து மவுஸால் இழுத்தால் படம் மாறும். ஒவ்வொரு முக்கோணமும் ஒரு கட்டளை. 'சுருக்கு, திருப்பு, இங்கே கொண்டுபோய் வை', அவ்வளவுதான். கம்ப்யூட்டர் ஒரு புள்ளியை எடுத்து ஏதாவது ஒரு முக்கோணத்தின் சொல்படி நகர்த்தும். அங்கிருந்து இன்னொன்றின் சொல்படி. லட்சக்கணக்கான தடவை இப்படி விழும் புள்ளிகள் சேர்ந்ததுதான் படம்!

எனக்கு ஒரு சித்தப்பா. கம்பத்தில் சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட். ஃபிளெக்ஸ் பேனர் வந்து அவர் பிரஷ்ஷைக் காய வைத்துவிட்டது. லீவில் அவருக்கு இந்த சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தேன். ரெண்டு மணி நேரம் அசையவில்லை மனுஷன். அப்புறம் நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரிடா... இதை நான் வரைஞ்சேனா, அது வரைஞ்சுதா?"

இன்ஜினீயரிங் படிக்கிறவன் பதில் சொல்லியாகணுமே! பதில் கிடைத்தது நம்ம வீட்டு வாசலில். பத்திரிகைக் கோலங்களுக்குக் கீழே '15 புள்ளி, 8-ல் நிறுத்தவும், இடைப்புள்ளி' என்று போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். நடு வரிசையில் 15. மேலேயும் கீழேயும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போய் 8-ல் நிறுத்த வேண்டும். மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி. ஒரே வரியில் இவ்வளவும் அடக்கம். இது புரோகிராம் இல்லாமல் வேறென்ன? பள்ளிக்கூடப் படியேறாத பாட்டிகூட இதை மனசிலேயே ஓட்டிவிடுவார்.

இதை முதலில் கவனித்தவர்களும் நம்ம ஆட்கள்தான். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, 1974-லேயே கோலத்தைக் கம்ப்யூட்டர் மொழி இலக்கணமாக எழுதி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் நிறையப் பேசிய ஒரு கோலத்துக்கு 'கிருஷ்ணரின் கொலுசு' என்று பெயர். சின்னதை நாலு தடவை சேர்த்தால் அடுத்த அளவு. அதை நாலு தடவை சேர்த்தால் அதற்கும் அடுத்தது. எவ்வளவு பெரிதானாலும் கோடு அறுபடாது. அசல் ஃபிராக்டல்!

புரோகிராம் தெரியாது என்பது வேறு, விதி தெரியாது என்பது வேறு. விதி ஊருக்கே பொது. ஆனால் எதிர்வீட்டுக் கோலமும் நம் வீட்டுக் கோலமும் ஒன்றாகவா இருக்கின்றன? எந்தக் கோலத்தைப் போடுவது, எங்கே நிறுத்துவது, எந்தக் கலரை எங்கே இடுவது... அதெல்லாம் போடுகிறவரின் முடிவு.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அன்றைக்கு ராத்திரி அறுபது படத்துக்கு மேல் செய்து பார்த்து, ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிட்டார். எனக்கு எல்லாமே சூப்பராகத்தான் தெரிந்தது. "ஏன் சித்தப்பா?" என்றேன். "மத்ததுல கனம் பூரா ஒரு பக்கமா சாயுதுடா. போர்டா இருந்தா ரோட்ல போறவன் கண்ணு நிக்காது."

இருபது வருஷம் ஏணி மேல் நின்று எழுதிய கண் அது. அந்தக் கண்ணுக்கு சாஃப்ட்வேர் ஏது? இன்றைக்கு ஒரு வரி டைப் அடித்தால் ஏஐ படம் போட்டுத் தருகிறது. ஏன் அப்படி வந்தது என்று கேட்டால் அதில் தொட்டுக் காட்ட ஒன்றுமில்லை. இங்கே முக்கோணத்தைத் தொட்டு, 'இதை நகர்த்தினேன், இது மாறியது' என்று காட்டலாம். கையால் வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு இதுதான் பிடிக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் தெருவிலும் பிரஷ்ஷை ஓரமாக வைத்துவிட்ட ஒரு அண்ணனோ, மார்கழிக்கு மட்டும் கை நீளும் ஒரு அக்காவோ இருப்பார்கள். இந்த லீவில் உங்கள் லேப்டாப்பை ஒரு சாயங்காலம் அவர்களிடம் கொடுங்கள். 'எக்ஸாவோஸ்' என்று இன்னொரு இலவச சாஃப்ட்வேரும் இருக்கிறது. மவுஸை அழுத்திப் பிடித்தால் மாண்டல்பிராட் படத்துக்குள் போய்க்கொண்டே இருக்கலாம். சொல்லித்தர ஐந்து நிமிஷம் போதும். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, எதை வேண்டாம் என்று தள்ளுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள் மக்கா. எங்கள் சிலபஸில் அந்தப் பாடம் இல்லை.