வியட்நாம் டூர் பிளானா? டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பாருங்க!

இரண்டு ராட்சதக் கைகள் தாங்கி நிற்கும் தங்க நிறப் பாலம், கடலுக்குள் முளைத்த சுண்ணாம்புக்கல் குன்றுகள், படிப்படியாக இறங்கும் நெல் வயல்கள். ரீல்ஸில் இவற்றைப் பார்த்துவிட்டு, 'அடுத்த லீவுக்கு வியட்நாம்தான்' என முடிவெடுக்கும் குடும்பங்கள் பொதுவாகத் தேடுவது, 'ஏழு நாளில் எல்லா இடமும்' பேக்கேஜைத்தான். சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

வடக்கிலிருந்து தெற்கு வரை சுமார் 1,650 கிலோமீட்டர் நீளும் நாடு வியட்நாம். தலைநகர் ஹனோயிலிருந்து ஹோ சி மின் சிட்டிக்கு ரயிலில் போனால் ஒரு பகல், ஒரு இரவு தாண்டியும் பயணம் முடியாது. விமானத்தில் இரண்டு மணி நேரம்தான். ஆனால், ஏர்போர்ட்டுக்குப் போவது, காத்திருப்பது எனப் பாதி நாள் போய்விடும். ஏழு நாளில் மூன்று பகுதிகளையும் சுற்றினால், பார்த்த நேரத்தைவிடப் பெட்டி கட்டிய நேரமே அதிகமாக இருக்கும்.

ஒரே நாடு, மூன்று வானிலை

வடக்கில் ஹனோய், ஹா லாங் பே, சாபா. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே குளிர்காலம். மலையூரான சாபாவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. ஹா லாங்கில் பனிமூட்டம் குன்றுகளை மறைத்துவிடுவதும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் புயலும் வரும் காலம். புயல் எச்சரிக்கை வந்தால் ஹா லாங் படகுகளை நிறுத்திவிடுவார்கள்.

நடுவில் டா நாங், ஹோய் ஆன், ஹுவே. அந்தக் கைப்பாலம் இருப்பது டா நாங்கை ஒட்டிய பா நா மலையில்தான். இந்தப் பகுதியின் மழை நமக்குப் பழகியதுதான். சென்னைக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று, தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிவந்து இங்குள்ள மலைத்தொடரில் மோதிக் கொட்டுகிறது. அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் தெருக்களில் வெள்ளம் புகுவது புதிதல்ல. பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை வானம் தெளிவாக இருக்கும்.

தெற்கில் ஹோ சி மின் சிட்டி, மீகாங் டெல்டா. ஆண்டு முழுக்க வெயில்தான். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. மற்ற மாதங்களில் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் ஒரு மழை அடித்து ஓயும்.

நம்ம லீவுக்கு எது சரி?

* ஏப்ரல், மே: டா நாங், ஹோய் ஆனை மையமாக வையுங்கள். கூட ஹனோய், ஹா லாங் சேர்க்கலாம். மே கடைசியில் சாபா வயல்களில் தண்ணீர் நிறைந்து நாற்று நடவு நடக்கும்.

* ஆயுத பூஜை, தீபாவளி: வடக்கு மட்டும் போதும். ஹனோயில் இதமான காலம். நடுப்பகுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

* அரையாண்டு விடுமுறை: தெற்குக்கு ஏற்ற நேரம். கடற்கரை வேண்டுமென்றால் ஃபூ குவாக் தீவு.

ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி நடுப்பகுதிக்குள் வரும் 'டெட்' வியட்நாமியர்களின் புத்தாண்டு. ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும். பல கடைகள் மூடியிருக்கும், டிக்கெட் விலையும் எகிறும். அந்த வருடத்துத் தேதியைப் பார்த்துவிட்டு புக் பண்ணுங்கள்.

வயதானவர்கள், குழந்தைகள் உடன் வந்தால்...

ஹனோயிலிருந்து சாபாவுக்கு ரோட்டில் ஐந்தாறு மணி நேரம். கடைசிப் பகுதி வளைந்து ஏறும் மலைப்பாதை. அங்கே இரண்டு இரவு தங்கினால்தான் போய் வந்த அலுப்பு தீரும். ஹா லாங் குகைகளில் படிகள் அதிகம். முட்டிவலி உள்ளவர்கள் படகிலேயே அமர்ந்து கடலை ரசிக்கலாம். வடக்குக்கும் தெற்குக்கும் சேர்த்துப் போகிறவர்கள் ஹனோயில் இறங்கி, ஹோ சி மின் சிட்டியிலிருந்து ஊர் திரும்பும்படி டிக்கெட் எடுத்தால், வந்த வழியே திரும்பும் அலைச்சல் மிச்சம்.

சைவம் சாப்பிடுபவர்கள் 'சாய்' என்ற சொல்லை நினைவில் வையுங்கள். டீ இல்லை, சைவ உணவு! அந்தப் பலகை மாட்டிய கடைகளைத் தேடுங்கள். மற்ற இடங்களில் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாஸ் இருக்கலாம்.

இந்தியர்களுக்கு விசா கட்டாயம். இ-விசாவை வியட்நாம் அரசின் இணையதளத்தில் மட்டும் எடுங்கள். அதே போலத் தோற்றமளித்துக் கூடுதல் பணம் கேட்கும் தளங்கள் உண்டு. இனிஷியல் வைக்கும் நம் பழக்கத்தில் பெயர் மாறிவிடாமல், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

தவறவிடக் கூடாதவை

ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் மீ சன். சம்பா அரசர்கள் செங்கல்லில் எழுப்பிய சிவன் கோயில்களும், சம்ஸ்கிருதக் கல்வெட்டுகளும் காட்டுக்கு நடுவே நிற்கின்றன. 1999-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. ஹோ சி மின் சிட்டியின் மையத்தில் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கே வேண்டிக்கொள்ள வருபவர்களில் பெரும்பாலானோர் உள்ளூர் மக்கள்.

லீவு மாதத்தை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ற ஒன்றோ இரண்டோ பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு இரவாவது தங்குங்கள். வருடக்கணக்கில் சேர்த்த பணம் ஏர்போர்ட் வரிசையில் கரையக் கூடாது, இல்லையா?