ஆறு பேர் ஏறிய ஜீப்: பெருநகரிலிருந்து கொழுக்குமலைக்கு

விடியற்காலை நாலரை மணி. சூரியநெல்லி கடைத்தெருவில் டீக்கடை விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. பத்துப் பதினைந்து ஜீப்கள் வரிசையாக நிற்கின்றன. பெருநகரிலிருந்து வந்த ஆறு பேர், காதை மூடிய மப்ளரோடு ஒரு ஜீப்பைச் சுற்றி வந்து பார்க்கிறார்கள். ஏறுவதற்கு முன்னால் டயரைக் குனிந்து பார்த்தது, அதில் டிராக்டர் ஓட்டும் இளைஞர்.

"பட்டன் நல்லாத்தான் இருக்குது. ஏறலாம் மாமா" என்ற பிறகுதான் மற்றவர்கள் காலைத் தூக்கி வைத்தார்கள்.

காஞ்சிபுரம் - வந்தவாசி சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது பெருநகர். தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டார ஊர்களின் சாமிகளெல்லாம் ஆற்று மணலில் வந்து கூடுவது அங்கே பெரிய விசேஷம். ஏரிப் பாசனத்தில் நெல், கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் மணிலா, கொஞ்சம் கரும்பு. சம்பா அறுவடை முடிந்து, நவரை நடவும் முடிந்து, முதல் களைக்கு முன்னால் நாலைந்து நாள் கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் அண்ணன், அவர் மனைவி, தம்பி, மச்சான், ஏரி நீர்க்கட்டியாக இருந்த பெரியவர், டிராக்டர் இளைஞர் என ஆறு பேரும் கிளம்பினார்கள். அட்மா திட்டத்தில் பஸ் வைத்து அழைத்துப்போகும் கண்டுணர்வுச் சுற்றுலா இல்லை இது. செல்போனில் யாரோ அனுப்பிய வீடியோவில், பாறை மேல் ஜீப் எகிறிக் குதிப்பதைப் பார்த்த இளைஞருக்கு ஆசை வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அவர் ஆசை காட்டிவிட்டார். சொந்தக் காசு, சொந்த ஆசை.

திண்டிவனம், திருச்சி, திண்டுக்கல், தேனி, போடி என்று ஏறக்குறைய 500 கிலோமீட்டர். போடியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு முடிகிறது. பூப்பாறை ஏலத்தோட்டங்களைத் தாண்டினால் சூரியநெல்லி, கேரளத்தின் இடுக்கி மாவட்டம். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் போகவேண்டிய கொழுக்குமலை மறுபடி தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. நம் மலைக்கு வண்டியில் போகவேண்டும் என்றால் பக்கத்து மாநிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். தேனிப் பக்கமிருந்து குரங்கணி வழியாக ஏறும் ஒற்றையடிப் பாதையில் கால்தான் வண்டி.

ஜீப் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே தார் ரோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இருப்பதைப் பாதை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். ஆட்டுக்கல் அளவுக் கற்கள், அவற்றுக்கிடையே மழைநீர் அறுத்த வாய்க்கால், ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் இருட்டு. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, கியருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லீவரைத் தள்ளினார். எஞ்சின் சத்தம் தடித்தது. வேகம் ஆள் நடக்கிற வேகத்துக்கு இறங்கியது.

"ஹை - லோ லீவரா?" என்று பின்னாலிருந்து கேட்டார் இளைஞர்.

"ஆமா தம்பி. டிராக்டர் ஓட்டுவீங்களா?"

அதன் பிறகு மலை இருவருக்கும் இரண்டாம் பட்சமாகிவிட்டது. சேற்றுழவு செய்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. லோவில் போட்டால் வேகம் குறைந்து இழுவை கூடும். ஜீப்பில் அதோடு முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றவை பிடித்துக்கொள்ளும். இறக்கத்தில்தான் சூட்சுமம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். அதனால் ஏறிய அதே லோ கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறக்குகிறார்கள். கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி போய்விடும். கரும்பு ஏற்றிய டிரெய்லரை ஏரிக்கரைச் சரிவில் இறக்கிய எவரும் இதை ஒரு தடவையாவது பயத்தோடு கற்றிருப்பார்கள்.

இந்த மலைகளில் ஓடுபவை பெரும்பாலும் பழைய மஹிந்திரா கமாண்டர், மேஜர் ரகங்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைக்காகச் செய்த வில்லிஸ் ஜீப்பின் பேரன் பேத்திகள் என்று சொல்லலாம். டார்ஜிலிங் பக்கம் சந்தக்பூ மலைக்கு 1950-களின் லேண்ட் ரோவர்களை வெகுகாலம் இப்படித்தான் ஓட்டினார்கள். புதுவண்டி கெட்டால் கம்பெனிக்குக் கொண்டுபோக வேண்டும். இதை ஸ்பானரோடு வழியிலேயே சரிசெய்துவிடலாம் என்கிறார் ஓட்டுநர்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் குலுங்கிய பிறகு, 7,000 அடிக்கும் மேலே, சிங்கப்பாறைக்குப் பக்கத்தில் ஜீப் நின்றது. அண்ணி இறங்கியதும் முதலில் செய்தது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தது. "நாத்து புடுங்கின இடுப்புய்யா இது. இதுக்கே வலிக்குதுன்னா பாத்துக்க."

கீழே மேகம், ஆடிப்பெருக்கு ஏரிபோல் கரை தட்டி நின்றது. கிழக்கே வெளுத்து, சிவந்து, மேகத்துக்கு அடியிலிருந்து சூரியன் மேலே வந்தது. நூறு செல்போன்கள் தூக்கிப் பிடிக்கப்பட்டன. வெயில் ஏற ஏற மேகம் கிழிந்து, ஓட்டைகள் வழியாகத் தேனிச் சமவெளியின் தோப்புகளும் வயல்களும் தெரிந்தன. நீர்க்கட்டிப் பெரியவர் சூரியனைவிட அதைத்தான் அதிகம் பார்த்தார். இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஓட்டுநரைக் கேட்டார். இந்தச் சரிவின் ஓடைகள் கொட்டக்குடி ஆற்றில் சேர்ந்து, போடி வழியாக வைகைக்குப் போகின்றன. மலை உச்சியில் புல்லும், மடிப்புகளில் சோலைக்காடும் மழையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுகின்றன. "நம்ம செய்யாறு ஜவ்வாது மலையில இருந்து வருது. அங்க இந்த மாதிரி புல்லு எவ்வளவு மிச்சம் இருக்குதோ" என்றார் பெரியவர். பெருநகரில் தைப்பூசத்துக்குச் சாமிகள் இறங்குகிற மணலில் தண்ணீர் ஓடாத வருடங்கள் அவருக்கு விரல்விட்டுத் தெரியும்.

அந்தப் புல்லுக்கு இன்னொரு கதையும் உண்டு. 2018 மார்ச் 11-ம் தேதி, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. காய்ந்த போதைப்புல்லில் தீ ஆளைவிட வேகமாக ஓடும். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். அதன் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. ஓட்டுநர் அந்த ஒற்றையடிப் பாதை இறங்கும் திசையைக் கையால் காட்டினார். ஜீப்பில் வந்தவர்கள் அதில் இறங்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

பாறையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்புகிறவர்கள் பாதிப்பேர். அது பெரிய நஷ்டம். கொழுக்குமலையில் பார்க்க வேண்டியது தேயிலைத் தொழிற்சாலைதான். 1930-களில் கட்டிய மரமும் தகரமுமான கட்டடம். உள்ளே பழைய ஆங்கிலேய இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன.

நாம் தினம் குடிக்கும் டீத்தூள் பெரும்பாலும் சி.டி.சி முறையில் ஆனது. இலையை உருளைகளுக்கிடையே விட்டு நறுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குகிறார்கள். சீக்கிரம் சாயம் இறங்கும், பாலுக்குத் தோது. கொழுக்குமலையில் செய்வது ஆர்த்தடாக்ஸ் என்னும் பழைய முறை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய பச்சை இலையை மேல்மாடியில் பரப்பி, காற்றில் மணிக்கணக்காக வாட்டுகிறார்கள். வாடிய இலையை உருட்டுப் பொறியில் போட்டு முறுக்குகிறார்கள். முறுக்கியதில் சாறு வெளிவந்து காற்றுபட, பச்சை நிறம் செம்புநிறமாகிறது. வாசனை பிறப்பது இந்த இடத்தில்தான். சரியான நேரத்தில் அதை எடுத்து உலர்த்தாவிட்டால் எல்லாம் போச்சு. பிறகு சல்லடையில் ரகம் பிரிக்கிறார்கள்.

"ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு பச்சை இலை?" தம்பி கேட்டார். நாலு கிலோவுக்கு மேல், நாலரை வரை என்று பதில் வந்தது. தம்பி மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. நூறு கிலோ நெல்லுக்கு அறுபத்தைந்து கிலோ அரிசி. அந்த அரிசியையும் அவர்கள் பார்ப்பதில்லை. நெல்லாகவே கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு வருகிறார்கள்.

குளிரும் உயரமும் சேர்ந்து இந்த மலையில் செடி மெதுவாகத் துளிர்க்கும். அதனால் மகசூல் குறைவு, மணம் அதிகம். கீழ்மட்டத் தோட்டங்களோடு கிலோக் கணக்கில் போட்டி போட முடியாது. நீலகிரியில் சிறு விவசாயிகள் பச்சை இலையாகவே தொழிற்சாலைகளுக்கு விற்றுவிட்டு, விலை கட்டவில்லை என்று 2023-ல் வாரக்கணக்கில் போராட்டம் நடத்தியதை நாம் பார்த்தோம். கொழுக்குமலையில் இலை பறித்த இடத்திலேயே தூளாகி, பொட்டலமாகி, வாசலில் இருக்கும் கடையில் விற்பனைக்கு வருகிறது. வாங்குகிற ஆளை ஜீப் கொண்டுவந்து விடுகிறது. கடையில் வாங்கும் தூளைவிட விலை அதிகம்தான். ஆனாலும் அண்ணி மூன்று பொட்டலம் வாங்கினார். குலுங்கி வந்தவர் பேரம் பேச மாட்டார் என்பது தோட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாகசப் பாதை என்று நாம் காசு கொடுத்துப் போகும் இது, அந்தத் தோட்டத்துக்கு ஒரே வண்டிப்பாதை. ரேஷன் மூட்டையும், தேயிலையும், உடம்பு முடியாதவர்களும் இதே கல்மேல்தான் போய்வர வேண்டும். நூறு வருடத்துக்கு முன்னால் இந்தப் பகுதியில் கீழ்நோக்கித்தான் சரக்கு போனது. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் குரங்கணிப் பக்கம் இறங்கி, போடி வழியாக வெளியூர் போயிற்று. மூணாறில் அதற்காக ஓடிய சிறு ரயிலை 1924 பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

திரும்பும்போது சாயங்காலம். போடிமெட்டு இறக்கத்தில் இவர்கள் வேனுக்கு முன்னால் ஒரு ஜீப். ஏலத்தோட்ட வேலை முடிந்து தேனிப் பக்கத்துக் கிராமங்களுக்குத் திரும்பும் பெண்கள். காலையில் ஏறி மாலையில் இறங்குவது அவர்களுக்கு அன்றாடம். அண்ணி எண்ண ஆரம்பித்தார். பதினான்கு வரை எண்ணினார். உள்ளே இருட்டில் அதற்குமேல் எண்ண முடியவில்லை. பின்படியில் இரண்டு பேர் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள்.

"காலையில நமக்கு ஆறு பேருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னாங்களே?"

"அது சுற்றுலா வண்டி, அண்ணி" என்றார் மச்சான்.

"வண்டி அதே வண்டிதானேப்பா."

யாரும் பதில் சொல்லவில்லை. சுற்றுலா ஜீப்பில் ஆறு பேர் என்ற கட்டுப்பாடு சும்மா வந்ததில்லை. 2025 ஜூலையில், ஜீப் விபத்துகளைத் தொடர்ந்து இடுக்கி மாவட்ட நிர்வாகம் இந்தச் சவாரிகளையே நிறுத்திவைத்து, பிறகு நிபந்தனைகளோடுதான் அனுமதித்தது. தொழிலாளர் ஜீப்களில் ஆள் அடைத்துப் போவதைத் தேனிப் பக்கம் போலீஸார் பிடிப்பதும் அபராதம் போடுவதும் உண்டு. கூலி குறைவு, வண்டிச் செலவு அதிகம் என்பதால் அது மறுபடி மறுபடி நடக்கிறது.

அண்ணிக்கு அந்தக் கேள்வி வேறு காரணத்தால் வந்தது. பெருநகரில் நடவு, களைக்கு ஆள் திரட்டுவது அவர்தான். ஒரு குட்டியானையில் இருபது பெண்களை ஏற்றி அனுப்புவதும் அவர்தான்.

"ரெண்டு நடையா அடிச்சா வண்டிக்காரன் எவ்வளவு கேப்பான்?" என்று கணவரிடம் கேட்டார். "டீசல் விலை தெரியும்ல" என்றார் அவர். போடி வந்து சேரும்வரை அந்தப் பேச்சு முடியவில்லை. களை எடுப்பு பத்து நாளில் இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சொந்தக் கார் இந்தப் பாதையில் ஏறாது. முன்தினமே சூரியநெல்லி அல்லது சின்னக்கானலில் தங்கி, பதிவு செய்த ஜீப்பில் மட்டும் ஏறவேண்டும். கட்டணம் ஒரு ஜீப்புக்கு இவ்வளவு என்ற கணக்குதான். ஆறு பேர் சேர்ந்தால் பகிர்ந்துகொள்ளலாம். ஏழாவது ஆளை ஏற்ற ஓட்டுநர் ஒப்புக்கொண்டால் வேறு ஜீப் பாருங்கள். கர்ப்பிணிகள், முதுகுத்தண்டு பிரச்னை உள்ளவர்கள், இதய நோயாளிகள் போகாமல் இருப்பது நல்லது. டிசம்பர், ஜனவரியில் கடுங்குளிர், ஸ்வெட்டர் கட்டாயம். மழைக்காலத்தில் பாதை மூடப்படலாம் என்பதால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் போய், தொழிற்சாலையில் கொடுக்கும் தேநீரைப் பால் கலக்காமல் ஒரு தடவை குடித்துப் பாருங்கள். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை, வெந்நீர் என்றார். மற்ற ஐந்து பேரும் இரண்டாவது டம்ளர் கேட்டார்கள்.