மருந்தின் நான்காம் கூறு

நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்று மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். நான்காமவனை அவர் உழைச்செல்வான் என்றழைத்தார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்திலே நிற்பவன் என்பது பொருள். சத்திரசிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் முதல் மூன்று கூறுகளையும் விரிவாக எடுத்துரைப்பர். கத்தியின் நுட்பம் நூல்களில் இடம்பெறும். காயம் ஆறும்வரை நோயாளி கிடந்த நாள்களைப் பற்றியும், அந்நாள்களில் அருகே நின்றவர்களைப் பற்றியும் குறிப்புகள் அரிதாகவே கிடைக்கும். பாலின உறுதிப்படுத்தற் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோரின் வாழ்விலோ இந்த நான்காம் கூறு தனியான முக்கியத்துவம் உடையது. மைக்கல் டிலன் என்னும் பிரித்தானிய மருத்துவரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

டிலன் 1915 இல் இலண்டனிற் பிறந்தார். பெண் மகவென்றே பதிவு செய்யப்பட்டார். பிறந்து சில நாள்களுள் தாயை இழந்தமையால் உறவினர் வீட்டிலே வளர்ந்தார். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் பெண் மாணவருள் ஒருவராகப் பயின்று, பெண்கள் படகோட்டக் கழகத்தின் தலைமையையும் வகித்தார். எனினும் தாம் ஆண் என்னும் உணர்வு அவரை விட்டகலவில்லை. 1939 இல் மருத்துவர் ஒருவரை நாடினார். அவர் ஆண் ஓமோன் மாத்திரைகளைக் கொடுத்ததோடு, மனநல மருத்துவர் ஒருவரையும் காணும்படி பணித்தார். அந்த இரண்டாமவர் நோயாளி கூறியவற்றைத் தம்முள் வைத்திருக்கவில்லை. செய்தி டிலன் பணிபுரிந்த இடம்வரை பரவியது. பரிகாசத்துக்கு அஞ்சி அவ்வேலையைத் துறந்த பட்டதாரி, பிறிஸ்டல் நகரில் மோட்டார் கராஜ் ஒன்றிற் கூலிக்கமர்ந்தார். குண்டுவீச்சு நிகழ்ந்த இரவுகளில் அங்கேயே தங்கித் தீக்காவலும் புரிந்தார்.

குருதியில் வெல்லம் குறைந்து மயங்கி விழும் உபாதை அவருக்கிருந்தது. அதன் பொருட்டு வைத்தியசாலையிற் கிடந்தபோதுதான் அவருடைய வாழ்வு திரும்பியது. அங்கு கடமையாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் அவருக்கு மூன்று உதவிகளைச் செய்தார். 1942 இல் மார்பகங்களை அகற்றினார். பிறப்புப் பதிவைத் திருத்துவதற்கு வேண்டிய மருத்துவச் சான்றை எழுதிக் கொடுத்தார். மேலும் செய்யவேண்டியவற்றுக்குச் சேர் ஹரோல்ட் கில்லீஸ் என்பாரிடம் அறிமுகப்படுத்தினார். 1944 இல் டிலனின் பிறப்புப் பதிவு திருத்தப்பட்டது. இம்மூன்றனுள் கத்தியால் ஆனது ஒன்றே. ஏனைய இரண்டும் பேனாவினாலும் மனத்தினாலும் ஆனவை.

கில்லீஸ் நியூசிலாந்திற் பிறந்தவர். முதலாம் உலகப்போரில் முகம் சிதைந்த வீரருக்கு முகம் அமைத்துக் கொடுத்துப் புகழ்பெற்றவர். 1917 இல் அவர் கையாளத் தொடங்கிய முறையொன்றுண்டு. உடலின் ஒரு பகுதியில் தோலைப் பட்டையாகக் கீறி, இரு முனைகளையும் அறுக்காது விட்டு, நடுப்பகுதியைக் குழல்போலச் சுருட்டித் தைப்பர். முனைகளின் வழியே குருதி ஓடுவதால் தோல் இறப்பதில்லை; பச்சைப்புண் உள்ளே மறைந்திருப்பதால் நோய்த்தொற்றும் குறைவு. சில வாரங்கள் கழிந்தபின் ஒரு முனையை அறுத்து வேறோரிடத்திற் பொருத்துவர். அது வேரூன்றியபின் மறுமுனையை அறுப்பர். இவ்வாறு தோல் உடலின்மீது அடியடியாக நடந்து, வேண்டிய இடத்தை அடையும். இம்முறையினாலேயே 1946 முதல் 1949 வரை, பதின்மூன்றுக்குக் குறையாத சத்திரசிகிச்சைகளினால், டிலனுக்கு ஆணுறுப்பு அமைக்கப்பட்டது.

பதின்மூன்று என்னும் எண்ணை எளிதிற் படித்துவிடலாம். ஒவ்வொன்றின் பின்னும் படுக்கை, காய்ச்சலுக்கு அஞ்சும் இரவுகள், தையல் பிரியுமோ என்ற ஏக்கம், மீண்டும் நடக்கப் பழகுதல் என்பன உண்டு. இத்தனையும் நிகழ்ந்த காலத்தில் டிலன் டப்ளின் நகரின் திரினிற்றிக் கல்லூரியில் மருத்துவ மாணவராக இருந்தார். தவணை நாள்களிற் பாடங் கேட்பார். விடுமுறை வந்ததும் கடல் கடந்து வந்து சத்திரசிகிச்சைக்கு உட்படுவார். கட்டிலின் அருகே நின்று கற்றவரே கட்டிலிற் கிடந்தும் கற்றார். கல்லூரியில் எவரேனும் அவருடைய நொண்டலைக் குறித்து வினவினால், போர்க்காயம் என்று விடையளிப்பார். அந்நிலையிலும் ஆண்கள் அணியிற் படகோட்டிப் பல்கலைக்கழகத்தின் உயர் விருதைப் பெற்றார்.

அவர் கிடந்த இடம் பேசிங்ஸ்ரோக் நகரை அடுத்த ரூக்ஸ்டவுன் இல்லம். மனநோயாளர் வைத்தியசாலையொன்றின் வளாகத்திலிருந்த அக்கட்டடம், போர்க்காலத்தில் கில்லீஸின் சிகிச்சை நிலையமாயிற்று. எரிகாயமுற்ற வீரரும், குண்டுவீச்சில் முகஞ் சிதைந்த பொதுமக்களும் அங்கிருந்தனர். சிகிச்சை முடியுமுன்பே வெளியே உலாவிவர அவர்கள் ஊக்குவிக்கப்பட்டனர். தோளிலிருந்து மூக்கு நோக்கித் தொங்கும் தோற்குழலோடு ஒருவர் உணவருந்தும் இடத்தில், இன்னொருவர் வயிற்றில் ஒரு குழல் இருப்பது வியப்புக்குரியதன்று. எல்லோரும் பாதியில் நின்ற உடலினர்; எல்லோரும் அடுத்த தவணைக்குக் காத்திருப்போர். வேறெங்கும் வேடிக்கைப் பொருளாகியிருக்கக்கூடியவர் அங்கு நோயாளருள் ஒரு நோயாளியாகப் படுத்திருந்தார். அந்நாள்களை டிலன் தம் சுயசரிதையில் மகிழ்வோடு நினைவுகூர்கின்றார்.

கில்லீஸ் இன்னொன்றும் செய்தார். சிறுநீர்த்துவாரம் உரிய இடத்தில் அமையாத பிறவிக் குறைபாடு என்றே டிலனின் நோயைப் பதிவேட்டில் எழுதினார். அது மெய்யன்று. பதிவேட்டிற் பொய்யெழுதுதல் மருத்துவருக்குத் தகுமோ என்ற வினா எழும். உண்மையை எழுதினால் அது யார் கைக்குப் போகும், அதனால் யார் அழிவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உண்மையைக் காக்கும் ஒழுங்கு இல்லாத ஊரில் பொய்யே போர்வையாயிற்று. அப்போர்வையை நாடவேண்டிய நிலைமை மருத்துவத்துக்கும் சமூகத்துக்கும் பெருமை தருவதன்று.

டிலன் 1951 இல் மருத்துவரானார். பின்னர் கப்பல் மருத்துவராகக் கடலிற் சென்றார். 1958 இல் போர்வை கிழிந்தது. அவருடைய தமையனார் பரம்பரைப் பட்டம் பெற்றவர். பிரபுக்களின் குடிவழியைக் கூறும் இரு நூல்களில் ஒன்று டிலனைத் தம்பி என்றது. மற்றது தங்கை என்றது. பத்திரிகையாளர் அம்முரண்பாட்டைக் கண்டு கப்பல்வரை துரத்தினர். பதின்மூன்று சத்திரசிகிச்சைகளைத் தாங்கிய மனிதரால் ஒரு பத்திரிகைச் செய்தியைத் தாங்க முடியவில்லை. கடமையைத் துறந்து இந்தியா சென்று, பௌத்த மடங்களில் வாழ்ந்து, சுயசரிதையை எழுதி முடித்த சின்னாளில், 1962 மே 15 ஆந் திகதி டல்ஹவுசி நகரிலே காலமானார். வயது 47. அந்நூல் அச்சேற அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

ஒரு மருத்துவரின் நாவினால் அவர் ஊரை இழந்தார். வேறு இருவரின் அடக்கத்தினால் உடலும் பெயரும் பெற்றார். முன்பின் அறியாதோர் கைப்பட்டபோது யாவற்றையும் இழந்தார். காயத்தை மூடும் தையலைப் போலவே இரகசியத்தை மூடும் வாயும் சிகிச்சையின் உறுப்பே என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது.

இலங்கையில் 2016 இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, மனநல மருத்துவர் வழங்கும் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்ள வழிவகுத்தது. டிலனுக்கு ஒரு தனிமனிதரின் கருணையாற் கிடைத்தது இங்கு ஒழுங்குவிதியாகக் கிடைக்கின்றது. ஆனால் அச்சான்றிதழை நாடி வருபவர் முதலில் வாயிற்காவலரையும், பெயரை உரத்துக் கூப்பிடும் எழுதுவினைஞரையும், விடுதியின் தாதியரையும், கட்டிலைச் சூழும் மாணவரையும் கடந்தே செல்லவேண்டும். இவர்கள் எவரையும் சுற்றறிக்கை உழைச்செல்வார் ஆக்கிவிடாது. மருத்துவ பீடத்திற் பயிலும் மாணவர் நாளை அக்கட்டிலருகே நிற்கும்போது, கேட்கவேண்டியதைக் கேட்டு, கேட்டதைத் தம்முள் வைத்திருப்பாராயின், வள்ளுவர் வகுத்த நான்காம் கூறு அவ்விடத்தில் நிறைவுறும்.