பக்கத்தில் ஆள் படுத்த காலம்

எங்கள் வீட்டில் படுப்பதற்கென்று அறை இருந்ததில்லை. இருந்த இரண்டு அறைகளிலும் றங்குப்பெட்டியும் நெல்மூட்டையும் சாமிப் படங்களும்தான் குடியிருந்தன. மனிதரெல்லாம் விறாந்தையில். மாரி தொடங்கினால் பாய்கள் நடுக்கூடத்துக்கு ஏறும்; சித்திரை வெக்கைக்கு முற்றத்தில் இறங்கும். சுவரோரம் அம்மம்மா, அவவின் கைக்கெட்டும் தூரத்தில் சிறுவர் நாங்கள், எங்களுக்கு அப்பால் அம்மாவும் குஞ்சியம்மாவும், வாசல்பக்கம் சாக்குக் கட்டிலில் சின்ன மாமா. யார் இருமினாலும் யார் புரண்டாலும் இன்னொருவருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து மானிப்பாய்ப் பக்கத்தில் எண்பதுகள் வரைக்கும் பெரும்பாலான வீடுகளில் இரவு இப்படித்தான் கிடந்தது.

அந்த இரவுக்கு ஓர் ஒழுங்கும் இருந்தது. செக்கலுக்குள் விளக்கு வைத்து, கைகால் முகம் கழுவி, தேவாரம் பாடி, பிட்டோ இடியப்பமோ சாப்பிட்டு முடித்தால் ஒன்பது மணிக்குள் அரிக்கன் லாம்பின் திரி இறங்கிவிடும். பிறகு கதை. கேட்பவர்கள் ‘ம்’ கொட்ட வேண்டும். ஒவ்வொருவராக ஓய்ந்து, கடைசி ‘ம்’ நின்றதும் அம்மம்மா கதையை அந்த இடத்திலேயே விட்டுவிடுவா. மிச்சக் கதையை மறுநாள் யாரும் கேட்டதாக ஞாபகமில்லை. விடியப்புறம் தோட்டக் கிணற்றில் துலா கிரீச்சிட, வீடு எழும்பும்.

படுப்பதற்கும் சட்டங்கள் உண்டு. வடக்கே தலை வைக்கக் கூடாது. வயிறு முட்டத் தின்றுவிட்டு உடனே சரியக் கூடாது. “நிமிந்து படுக்காதை, ஒருக்களிச்சுப் படு. நெஞ்சிலை கையை வைச்சியெண்டால் பேய் அமுக்கும்” என்பது எல்லாவற்றிலும் பெரிய சட்டம்.

பேய் அமுக்குவது எங்கள் வீட்டில் தடிமன் காய்ச்சல் மாதிரி ஒரு சங்கதி. யாருக்காவது எப்போதாவது வரும். கண் விழித்திருக்கும், கூரை தெரியும், பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சுக்கூடக் கேட்கும். ஆனால் விரல் நுனியும் அசையாது. நெஞ்சின்மேல் யாரோ ஏறி இருப்பதுபோல் மூச்சு முட்டும். கத்த நினைத்தால் குரல் வராது. இரண்டொரு நிமிடத்துக்குள் விட்டுவிடும் என்றாலும், அகப்பட்டவருக்கு அது ஒரு யுகம். காலையில் கிணற்றடியில், “ராத்திரி என்னைப் போட்டு அமுக்கிப்போட்டுது” என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். “எந்தப் பக்கம் படுத்தனி?” என்று கேட்பார்கள். நெற்றியில் திருநீறு ஏறும், அன்றிரவு தலையணைக்கடியில் பாக்குவெட்டி போகும், பாய் வேறு இடத்துக்கு மாறும். பிறகு பிளேன்ரீ. அத்தோடு விஷயம் முடிந்தது. அமுக்கியதைச் சொன்ன யாரையும் விசர் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

1990 ஆனி மாதம் சண்டை மறுபடி மூண்டதோடு இந்த இரவு உடைந்தது. மின்சாரம் போனது. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகி, அரிக்கன் லாம்பு பரணுக்குப் போக, ஜாம் போத்தல் விளக்கு வந்தது. வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை அடைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில் தொங்கும் மெல்லிய திரியை ஏற்றினால், கைக்குள் அடங்கும் ஒரு சுடர் வரும். படிப்பவர் முகம் மட்டும் தெரியும், படிக்காதவர் இருட்டு. விமானச் சத்தம் கேட்டால் அதையும் ஊதி அணைக்க வேண்டும்.

முற்றத்தில் பாய் விரித்த இடத்தில் பங்கர் வெட்டினார்கள். ‘ட’ வடிவில், ஆள் குனிந்து நிற்கும் ஆழம். குண்டுச் சிதறல் நேரே பாயாமல் இருக்கத்தான் அந்த மடிப்பு. மேலே பனங்குற்றிகளை அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை. கோடியில் நின்ற இரண்டு பனைகள் அதற்குப் போயின. மாரியில் உள்ளே முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். தவளையும் சில வேளை பாம்பும் எங்களுக்கு முன்னமே போய் இருக்கும். அம்மம்மா இறங்க மாட்டா. “சாகிறதெண்டால் பாயிலை சாகிறன்” என்பா. நாங்கள் நித்திரைத் தூக்கத்தில் இழுபட்டு இறங்குவோம். பலாலிப் பக்கம் ‘டுப்’ என்று குத்துகிற சத்தம் கேட்டால் செல் விழுவதற்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. சியாமாசெட்டி எது, அவ்ரோ எது, ஹெலி எது என்று சத்தத்திலேயே பிரிக்கத் தெரிந்திருந்தது. உடம்பு பாயில் கிடந்தாலும் காது படலையடியில் காவல் நிற்கும். காது விழித்திருக்கும் வீட்டில் ஆழ்ந்த நித்திரை எங்கே வரும்?

1995 ஆடி 9ஆம் திகதி பின்னேரம் நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்தது. சண்டைக்குப் பயந்து ஓடிவந்து, தேவாலயம்தானே என்று நம்பி அங்கே தங்கிய சனம். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். சின்ன மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார். காயப்பட்டவர்களைத் தூக்கி ஏற்றியவர்களில் அவரும் ஒருவர். சாமம் ஆகித்தான் வீட்டுக்கு வந்தார். கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டே நின்றார். கண்டது எதையும் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் அவருக்கு அமுக்கத் தொடங்கியது. முன்பு எல்லோருக்கும் வந்ததுபோல எப்போதாவது அல்ல, கண்ணயரும்போதெல்லாம். அவருடைய தொண்டையிலிருந்து ‘க்கும்... க்கும்’ என்று ஒரு மெல்லிய முனகல் வரும். அதைக் கேட்டு முதலில் எழும்புவது அம்மம்மா. உலுக்க மாட்டா. இருட்டில் கையைத் தடவிப் போய், அவருடைய கால் பெருவிரலைப் பிடித்து மெல்ல இழுத்து, “தம்பி... தம்பி... அம்மா நிக்கிறன்” என்று கூப்பிடுவா. ஒரு பெரிய மூச்சோடு மாமா விடுபட்டு எழும்பி இருப்பார். சட்டை நனைந்து ஒட்டியிருக்கும். அம்மம்மா செம்புத் தண்ணீரை நீட்டுவா. என்ன கண்டாய் என்று கேட்பதில்லை. அவர் திரும்பவும் சரியும்வரை காலடியிலேயே இருப்பா.

அந்த வருஷம் ஐப்பசி 30இல், சண்டை நெருங்கிவர, எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தது. அடைமழை, செம்மணி வீதியில் கால் வைக்க இடமில்லாமல் நாலைந்து லட்சம் சனம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வாங்குகளை ஒதுக்கிவிட்டு ஏழெட்டுக் குடும்பங்கள் படுத்தோம். அத்தனை பேர் பக்கத்தில் படுத்தும் அது பழைய விறாந்தை ஆகவில்லை. அந்நியர் முன்னால் முனகுவதற்கு வெட்கப்பட்டு மாமா படுப்பதையே விட்டார். இரவு முழுக்கப் பள்ளிக்கூடப் படியில் இருந்து பீடி குடிப்பார். பகலில் இருந்த இடத்தில் தலை சரியும், சரிந்த இடத்தில் அமுக்கும்.

1996இல் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலைகள் இல்லை, ஓடுகள் இல்லை, பாய்கள் இல்லை. அம்மம்மா வந்து இரண்டு மாரி தாங்கவில்லை. மாமா எப்படியோ கனடா போய்ச் சேர்ந்தார். வீட்டைத் திருத்தியபோது ஆளுக்கொரு அறை கட்டினோம்.

பல வருஷம் கழித்து ரொறன்ரோவில் அவர் இருந்த மாடிக் குடியிருப்புக்குப் போனேன். தொழிற்சாலையில் முறை வேலை. ஒரு கிழமை இரவு, ஒரு கிழமை பகல் என்று மாறி மாறி. படுக்கையறையில் விளக்கு எரிந்தபடி. ரீவியும் சத்தமில்லாமல் ஓடியபடி. தலையணைக்கடியில் பாக்குவெட்டி இருந்தது. “இப்பவும் அமுக்குதோ மாமா?” என்றேன். “அமுக்குது. அதுக்கென்ன, பழகிப்போச்சு. ஆனா, இஞ்ச அமுக்கினால் ஆர் மருமோன் கூப்பிடுறது?” என்றார்.

குடும்ப வைத்தியரிடம் அவர் அதுவரை இதைச் சொன்னதில்லை. நான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். தமிழ் வைத்தியர், பொறுமையாக விளக்கினார். கனவு காணும் உறக்கத்தில் மூளை கை கால்களுக்குப் போகும் கட்டளையைத் தடுத்துவைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுபவன் பாயிலும் எழும்பி ஓடுவான். கண்ணும், மூச்சு விடும் உதரவிதானமும் மட்டும் அந்தத் தடைக்கு வெளியே. சில வேளை அறிவு முதலில் விழித்துவிடும், தடை இன்னும் நீங்கியிருக்காது. அப்போது ஆழ மூச்செடுக்கப் பார்த்தால் நெஞ்சுத் தசைகள் ஒத்துழைக்காது. நெஞ்சில் பாரம் ஏறியதாகத் தெரிவது அதனால். விட்டுப்போன கனவின் மிச்சம் அந்த அறைக்குள்ளேயே உருவமாக நிற்கும். உயிருக்கு ஆபத்தில்லை. நித்திரை துண்டு துண்டாக உடைவது, நேரம் தவறிப் படுப்பது, நிமிர்ந்து படுப்பது, மனதில் பெரிய பயம் தங்கியிருப்பது எல்லாம் இதை அடிக்கடி வரவழைக்கும். மாமாவிடம் இந்த நாலும் இருந்தன.

கம்போடியரிடமும் இதே கதை. பொல் பொட் காலத்துக் கொலைகளுக்குத் தப்பி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குடியேறியவர்களை மனநல மருத்துவர் டெவன் ஹின்டனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள். அங்கும் இரவில் பேய் வந்து அமுக்கியது; மனவடு ஆழமாக இருந்தவர்களை மிக அதிகமாக அமுக்கியது. பேய் வந்த பயத்தில் பழைய நினைவு கிளம்பும், நினைவு கிளம்பியதில் நித்திரை கெடும், நித்திரை கெட்டதில் மறுபடி பேய் வரும். யாழ்ப்பாணத்தில் போருக்குள்ளேயே இருந்து வைத்தியம் பார்த்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்ற நூல் எங்கள் சனத்தின் மனவடுக்களைப் பதிந்துவைத்தது. செபம், மந்திரம், சாந்தியாசனம், மூச்சுப் பயிற்சி என்று சனத்துக்கு ஏற்கெனவே பழக்கமான வழிகளையே மனத்தை ஆற்றுவதற்கு எடுத்துக்கொண்டவர் அவர்.

மாமாவுக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த தாளை வாங்கிப் படித்தேன். ஒரே நேரத்துக்குப் படு, ஒரே நேரத்துக்கு எழும்பு. இருட்டிய பிறகு கோப்பியும் மதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படு. அமுக்கும்போது முழு உடம்பையும் உதறப் போராடாதே. கண்ணை அசை, கால் விரல் நுனியை மட்டும் அசைக்கப் பார், ‘இது போய்விடும்’ என்று மனதுக்குள் சொல், உனக்குப் பிடித்த ஒரு பெயரையோ செபத்தையோ பிடித்துக்கொள். முடியுமென்றால் பக்கத்தில் ஒருவரைப் படுக்க வை, தொட்டுக் கூப்பிடச் சொல். முக்கால்வாசி எங்கள் விறாந்தைச் சட்டங்கள். அம்மம்மா பிடித்ததும் கால் விரலைத்தான்.

மிச்சக் கால்வாசி அம்மம்மாவிடம் இல்லாதது. மாமாவை மனவடுவுக்கென்று பயின்ற ஒரு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். நவாலியில் கண்டதைக் கொஞ்சம் கொஞ்சமாக, பகல் வெளிச்சத்தில், வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவை எழுதி, அதன் முடிவைத் தன் விருப்பப்படி மாற்றி, அந்தப் புதிய கனவைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்கும் ஒரு முறை இருக்கிறது. பேரி க்ராக்கோ என்ற மருத்துவரும் குழுவினரும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் அதைச் சோதித்துப் பலன் கண்டதை 2001இல் வெளியிட்டார்கள். மாமாவும் அதைச் செய்தார். மாற்றி எழுதிய கனவில் என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. வேலையைப் பகலுக்கு மாற்றிக்கொண்டார். அமுக்குவது அடியோடு நிற்கவில்லை. ஆனால் படுக்கப் பயப்படுவது நின்றது.

பழைய வீட்டை நினைத்து உருகுவதில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. பாக்குவெட்டி பயத்தை வெட்டும், நினைவை வெட்டாது. பெருவிரலைப் பிடித்து மகனை மீட்டெடுத்த அம்மம்மா, அவர் கண்டதைக் கடைசிவரை கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. விறாந்தை அறிந்தது பாதி வைத்தியம். ஆஸ்பத்திரி அறிந்தது மறுபாதி. போர் முதற்பாதியைப் பறித்துக்கொண்டது. மறுபாதியைத் தேடிப்போக வெட்கம் தடுத்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கள் தலைமுறையில் எத்தனையோ பேர் விளக்கைப் போட்டுக்கொண்டு விழித்திருந்தார்கள், இன்னும் விழித்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். கரண்ட் பில் ஏறுகிறதென்று அந்த விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள். காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது, ராத்திரி எப்படிப் போனது என்று கேளுங்கள். பேய் என்று சொன்னால் சிரிக்க வேண்டாம். மாதக்கணக்கில் நித்திரை இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இலங்கையில் இருப்பவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். உதவி தேடிப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.