உளுந்தின் வேரில் ஓர் உலோகம்

தை மாதக் கடைசியில் கும்பகோணத்திலிருந்து ஆடுதுறை வழியாக மயிலாடுதுறைக்கு ரயிலில் செல்கிறவர்கள் ஒரு விசித்திரத்தைக் காணலாம். ஒரு பக்கம் சம்பா நெல் முற்றித் தலை சாய்ந்திருக்கும். அடுத்த வயலில் அறுத்த தாள்களுக்கிடையே இளம்பச்சை படர்ந்திருக்கும். அந்தப் பச்சைதான் உளுந்து. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே, நிற்கும் நெற்பயிரினூடே ஈர மண்ணில் விதையைத் தூவிவிடுவது காவேரிப் பாசன நாட்டின் வழக்கம். பிறகு உழவு இல்லை; நீர் பாய்ச்சுவதும் இல்லை. மண்ணில் எஞ்சிய ஈரமும் பனியுமே அதை வளர்த்துவிடும்.

அச்செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சிறு சிறு முடிச்சுகள் தென்படும். அவற்றுள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகின்றன. உரத் தொழிற்சாலைகள் பெரும் சூட்டையும் அழுத்தத்தையும் கொண்டு செய்யும் காரியத்தை, இவை வயல் வெப்பத்திலேயே செய்கின்றன! இதற்கு உதவும் புரதத்தின் நடுவே இரும்போடு சேர்ந்திருக்கிறது, மாலிப்டினம் என்னும் உலோகம்.

கரிய, வழவழப்பான இதன் தாதுவை வெகு காலம் ஈயத் தாதுவென்றே மயங்கினார்கள். ஈயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதற்குப் பெயராயிற்று. 1778-இல் ஸ்வீடன் தேசத்து ரஸாயனி ஷீலே இது வேறு பொருளென்று கண்டார். 1781-இல் யெல்ம் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். 2,623 டிகிரி சென்டிகிரேடில்தான் இது உருகும். எஃகுடன் சிறிது கலந்தால், கடுஞ்சூட்டிலும் அந்த எஃகு வலிமை குன்றாது. நம் தர்மபுரி மாவட்டத்து அரூர்ப் பக்கம் தாது உண்டு; ஆயினும் நம் எஃகு ஆலைகள் இதைப் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே தருவிக்கின்றன.

ஆலைக்கு டன் கணக்கில் வேண்டும்; வயலுக்கோ துளிதான். 1942-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்டர்சன் என்பவர், தீவனப் பயிர் செழிக்காத நிலத்தில் ஏக்கருக்குச் சில அவுன்ஸ் மாலிப்டினம் இட்டதும் அது தழைத்ததைக் கண்டார். புளிப்பு மண்ணில் இவ்வுலோகம் வேருக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும். காவேரி வண்டல் பெரும்பாலும் புளிப்பற்றது. அது நம் பாக்கியம்.

ஆனால் இன்று அறுவடை இயந்திரங்களின் கீழ் உளுந்து முளைகள் நசுங்குகின்றன. ஆள் கிடைக்காத காலத்தில் இயந்திரத்தைப் பழிப்பதில் பயனில்லை. எனினும் அறுத்த பின் விதைக்கலாமென்றால், அதற்குள் மேல்மண் காய்ந்துவிடுகிறது. பல வயல்கள் வெறுமனே கிடக்கின்றன. இட்டலிக்கு அரைக்கும் உளுந்து மட்டுமா போயிற்று? காற்று இனாமாகக் கொடுத்த உரத்தின் ஒரு பங்கையும், அடுத்த போகத்துக்கு மூட்டையாக விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. முளையை நசுக்காமல் நெல்லை அறுக்கும் வழியை நம் எஞ்சினீயர்கள் கண்டால், தஞ்சை நாடு அவர்களை வாழ்த்தும்.