மழலைக்கு மறுமொழி

2022ஆம் ஆண்டில் ஒரு நாள் இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் பிள்ளைத்தமிழ் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். காப்பு முதலாகச் சிறுதேர் ஈறாகப் பத்துப் பருவங்களையும் கரும்பலகையில் எழுதியாயிற்று. ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீது பாடியது தொட்டு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் குழந்தையாகப் பாவித்து நம் இஸ்லாமியப் புலவர்கள் பாடியது வரை அவ்விலக்கியம் வளர்ந்த வரலாற்றைச் சற்றே பெருமிதத்தோடு எடுத்துரைத்தோம். அப்போது முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, பத்துப் பருவத்திலும் பாடுகிறவர்தாம் பேசுகிறார். அந்தக் குழந்தை எப்போது பேசும்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்து, "தேர்வில் இவ்வினா வராது, அமர்க" என்று சொல்லி மேலே சென்றுவிட்டோம்.

சிரித்து ஒதுக்கத்தக்க வினா அன்று அது. செங்கீரை ஆடச் சொல்கிறோம். கை கொட்டச் சொல்கிறோம். முத்தம் தரச் சொல்கிறோம். நடந்து வரச் சொல்கிறோம். நிலவையும் அதனோடு விளையாட அழைக்கிறோம். தாலப் பருவம் ஒன்றற்கு நாவின் பெயரே அமைந்திருந்தும், அங்கும் அசைவது பாடுவோர் நாவே. இலக்கியத்திற்கு இது குறையாகாது. அதன் அமைப்பு அவ்வாறு. ஆயின் அன்று நம் இல்லமும் அவ்வாறே இருந்தது என்பதை நாம் அறிந்திலோம்.

அப்போது எங்கள் மகளுக்கு இரண்டரை வயது. தமிழாசிரியர் வீட்டுப் பிள்ளை தூய தமிழ் பேச வேண்டும் என்பது நம் ஆசை. "தண்ணி" என்றால் "தண்ணீர்" என்று திருத்துவோம். "ஆணம் வேணும்" என்றால் "குழம்பு வேண்டும் என்று சொல்லம்மா" என்போம். ஒருநாள் முற்றத்திலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். "வாப்பா, பூன ஓடிப் போச்சி!" என்றாள். நாம், "பூனை ஓடிப் போயிற்று" என்றோம். அவள் சிறிது நேரம் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அடுக்களையில் நம் உம்மாவின் குரல் கேட்டது: "போச்சா? எங்கன போச்சி? பால் குடிச்சிட்டா போச்சி, குடிக்காமயா போச்சி?" அதன்பின் பாட்டியும் பேத்தியும் அந்தப் பூனையைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். நாம் விடைத்தாள் திருத்துவதில் ஆழ்ந்தோம்.

நாளடைவில் மகள் நம்மிடம் கேட்டதற்கு மட்டும் விடை சொல்பவளானாள். அடக்கமான பிள்ளை என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டோம். ஓரிரவு உறங்கும் வேளையில், பாட்டியின் பாயில் படுத்துக்கொண்டு அவள் ஏதோ நீண்ட கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆசையோடு வாயிற்படியில் போய் நின்றோம். நம்மைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு தந்தைக்கு இதைவிடத் தலைகுனிவு வேறு வேண்டியதில்லை. வகுப்பில் சிரித்து அமர்த்திய வினா அவ்விரவில்தான் நமக்கு விளங்கியது.

நம் உம்மா மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். மேலப்பாளையத்தில் பீடி சுற்றியே எங்களை வளர்த்தவர். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், பக்கத்தில் கத்தரி, விரல் நுனியில் நூல். இதுதான் நாம் பிறந்தது முதல் கண்ட காட்சி. கைக்கு ஓய்வில்லையாயினும் வாய்க்குத் தடையில்லை. "இந்த இல எதப் போல இருக்கு, சொல்லு வாப்பா" என்பார். "மீனப் போல" என்போம். "மீனுக்குக் கண்ணு எங்க?" என்பார். நாம் ஏதேனும் ஓட்டையைக் காட்டுவோம். "அப்ப இது ஒத்தக் கண்ணு மீனு" என்று ஒப்புக்கொண்டு அந்த இலையை வெட்டுவார். ராத்தாவும், பக்கத்து வீட்டு மாமியும் அதே திண்ணையில் இருந்து சுற்றுவார்கள். அவர்களும் இந்த மீன் கதையில் கலந்துகொள்வார்கள். நம் தமிழ் எங்கே தொடங்கிற்று என்று எவரேனும் கேட்டால் கல்லூரியின் பெயரைச் சொல்வது வழக்கம். உண்மையில் அது அந்தச் சுளகின் ஓரத்தில் தொடங்கிற்று.

இதனை ஈண்டு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வளம் இராது, வீட்டில் பேச ஆளில்லை என்று மேடைகளில் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். இக்கூற்றுக்குப் பின்னே ஓர் ஆய்வு நிற்கிறது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்னும் இருவர் 42 குடும்பங்களின் இல்லங்களுக்கு மாதம் ஒரு மணி நேரம் சென்று, குழந்தையின் செவியில் விழும் சொற்களைப் பதிவு செய்து எண்ணி, 1995ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். நான்கு வயதுக்குள் வசதியுள்ள வீட்டுக் குழந்தை ஏழை வீட்டுக் குழந்தையைவிட மூன்று கோடிச் சொற்கள் மிகுதியாகக் கேட்டுவிடுகிறது என்பது அவர்கள் போட்ட கணக்கு. உலகெங்கும் பரவிய இக்கணக்கில் அரசு உதவித்தொகையால் வாழ்ந்த குடும்பங்கள் ஆறே ஆறு என்பதைப் பலரும் நோக்குவதில்லை. 2018ஆம் ஆண்டில் டக்ளஸ் ஸ்பெர்ரி முதலானோர் அந்நாட்டின் ஐந்து சமுதாயங்களில் மீண்டும் ஆராய்ந்தனர். தாயின் பேச்சோடு பாட்டி, உடன்பிறந்தார் முதலிய பிறர் பேச்சையும் சேர்த்து எண்ணியபோது அந்த மூன்று கோடி அவர்களுக்குப் புலப்படவில்லை. ஒரே நிலையிலுள்ள குடும்பங்களுக்குள்ளேயே வீட்டுக்கு வீடு வேறுபாடு மிகுந்திருந்தது. குழந்தையை நோக்கிப் பேசும் பேச்சே பெரும்பயன் தரும், பக்கத்தில் கேட்கும் பேச்சு அத்துணை உதவாது என்று இவர்களை மறுத்தோரும் உளர். நம் திண்ணையில் இரண்டும் கலந்தே இருந்தன என்பதற்கு நாமே சான்று.

அதே 2018இல் ரேச்சல் ரோமியோ முதலானோர் வெளியிட்ட ஆய்வே நம் நெஞ்சைத் தைத்தது. நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள 36 குழந்தைகள். பெரியவர் பேசக் குழந்தை மறுமொழி தருவதும், குழந்தை பேசப் பெரியவர் மறுமொழி தருவதுமாக மாறி மாறி நிகழும் உரையாடல் எவ்வீட்டில் மிகுதியோ, அவ்வீட்டுக் குழந்தை கதை கேட்கும்போது மூளையில் மொழிக்குரிய புரோக்கா பகுதி மிகுதியாக இயங்கியது. பெற்றோரின் வருவாயையும், கேட்ட சொற்களின் எண்ணிக்கையையும் தள்ளிவைத்துப் பார்த்தபின்னும் இத்தொடர்பு நிலைத்து நின்றது. சொற்களை அள்ளிக் கொட்டியதில் நாம் எவர்க்கும் இளைத்தவரல்லோம். நாம் கொடாதது மறுமொழி.

அவ்வாறாயின் வீடுகளுக்கிடையே ஏற்றத்தாழ்வே இல்லையா? உண்டு. அது தாயின் அறிவிலன்று, அவளுடைய நேரத்தில் உள்ளது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பெண், பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு கணத்திற்கும் கூலியை இழக்கிறாள். நம் உம்மா அவ்வாறு இழந்தது எத்தனை பீடி என்று எவர் கணக்கிட்டார்? 1975ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தால் ஏழைச் சிறார்க்குச் சத்துணவோடு முன்பருவக் கல்வியும் கிடைக்க வழி பிறந்தது. எனினும் பதிவேடும் எடைக்கருவியும் அடுப்பும் ஒருங்கே பார்த்துக்கொள்ள வேண்டிய பால்வாடி ஆசிரியை, ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு பூனையைப் பற்றிப் பேச நேரம் பெறுவது அரிது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையர் நிலை வேறு. கைப்பேசியில் முகம் கண்டு, "சாப்பிட்டியா? ஓதினியா? படிச்சியா?" என்று கேட்கின்றனர், பிள்ளை மும்முறை "ம்" கொட்டி ஓடிவிடுகிறது. "உன் கோழி இன்னைக்கு எங்க முட்ட போட்டுச்சி?" என்று கேட்கும் தந்தைக்கு மட்டும் கதை கிடைக்கிறது.

மற்றொன்றும் உண்டு. பள்ளிக்குள் நுழையும் பிள்ளை தன் வீட்டுச் சொல்லோடு நுழைகிறது. அச்சொல்லைக் கேட்டு வகுப்பு நகைத்தால் அது வாய் மூடிக்கொள்கிறது. "ஆணம்" என்று சொல்லி முதல் வகுப்பில் நாமே நகைப்புக்கு ஆளானோம். அந்த வடுவை மறந்து, அதே சொல்லுக்காக நம் மகளைத் திருத்தினோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ஆணம் என்பதற்குக் குழம்பு என்றே பொருள் தரப்பட்டிருப்பதைப் பின்னர் எடுத்துப் பார்த்து வெட்கினோம். முதுகலையும் ஆய்வியல் நிறைஞர் பட்டமும் பெற்ற நாம், பிழையே இல்லாத ஒரு சொல்லைப் பிழையென்று குழந்தைக்குக் கற்பித்திருக்கிறோம்!

இது குறித்துப் பெரியவர் ஒருவரிடம் மனம் விட்டுப் பேசியபோது, அவர் அபூ உமைரின் செய்தியை நினைவூட்டினார். அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் சிறுவராக இருந்தபோது சிட்டொன்று வளர்த்தார், அது இறந்துவிட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவரைப் பெரியவர்களை அழைப்பது போல 'அபூ உமைர்' என்றே அழைத்து, சிட்டுக்குருவி என்ன ஆயிற்று என்று வினவினார்கள். சிறுவயது முதல் பலமுறை கேட்ட செய்திதான். அது ஒரு வினா என்பதும், விடை சொல்லும் உரிமை அந்தச் சிறுவருக்கு உரியது என்பதும் அன்றுதான் நமக்கு உறைத்தன. மக்கட்பேற்றைப் பாடிய வள்ளுவரும் மழலையைக் கேட்கும் இன்பத்தையன்றோ சொன்னார்! திருத்தும் இன்பத்தை அவர் சொல்லவில்லை.

அதன்பின் திருத்துவதை விட்டோம். சொல்வது எளிது, நாக்கு துறுதுறுக்கும். முதல் சில வாரம் மகள் நம்மை நம்பவில்லை. நாம் ஏதேனும் கேட்டால் பாட்டியைத் திரும்பிப் பார்ப்பாள். உம்மா, "அவன்ட்ட சொல்லும்மா, இப்ப வாப்பாவுக்கும் கேக்கத் தெரியும்" என்பார். அந்த "இப்ப"வில் இருந்த குத்தலை நாம் பொறுத்துக்கொண்டோம்.

நோன்பு மாதத்தில் ஒரு மாலை. விடைத்தாள் கட்டைப் பிரித்து அமர்ந்திருந்தோம். மகள் ஓடி வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாப்பா, ஆணத்துல எறும்பு விழுந்துட்டு."

"எந்த எறும்பு?" என்றோம், பேனாவை மூடிவிட்டு.

"கறுப்பு. அதுக்கு உம்மா இல்ல."

"உம்மா எங்கே போய்விட்டார்?"

அவள் நாற்காலியில் ஏறி அமர்ந்துகொண்டு சொல்லத் தொடங்கினாள். பாங்கு ஒலிக்கும் வரை அந்தக் கதை முடியவில்லை.