என்ன குழம்பு?

2020 மார்ச்சில் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஒரு இருமல் கேட்கும். அதன் பிறகு கையைக் கழுவு, முகத்தைத் தொடாதே என்று அறிவுரை. அது முடிந்துதான் ஆள் கிடைப்பார். உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் எங்கள் அத்தைக்கு இந்த ஏற்பாடு கடைசிவரை பிடிபடவே இல்லை. நாங்கள்தான் இருமிவிட்டுப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டார். “எத்தன நாளா இருமுற? மிளக நுணுக்கிப் போட்டு ரசம் வையின்னா கேக்குறியா?” என்றுதான் பேச்சே ஆரம்பமாகும். இருமியது அரசாங்கம் என்று விளக்கிச் சொன்னேன். “அப்ப அதுக்கும் ரசம் வச்சுக் குடுங்க” என்றார்.

மதுரைக்காரர்களுக்குக் கொரோனா எங்கோ தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை. மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் நின்று தட்டைத் தட்டினோம். 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு 144 வந்தது. அன்று இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் தோன்றி நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு என்றார். பொழுது விடிவதற்குள் தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு நடந்துவிட்டது, எங்கள் ஊர் ராஜாஜி மருத்துவமனையில். அதற்குப் பிறகு தினமும் மாலையானால் சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் வந்து அன்றைய எண்ணிக்கையைச் சொல்வார். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி தெருவே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. மதுரை எத்தனை, சென்னை எத்தனை, நேற்றைவிட எவ்வளவு கூட. கேட்டு முடித்ததும் ஒருவரை ஒருவர் பார்ப்போம். பேச ஒன்றும் இருக்காது. எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

அப்போது மனதைத் தளரவிடாமல் இருப்பது எப்படி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மூச்சுப் பயிற்சி செய், புத்தகம் படி, புதிதாக ஒரு மொழி கற்றுக்கொள், காப்பியை நுரை வரும்வரை நூறு தடவை அடி. நல்ல யோசனைகள்தான், எதையும் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டிலும் தெருவிலும் ஆட்களைத் தலைநிமிர்த்தி வைத்தது இதில் எதுவுமில்லை. முக்கியமான செய்தி அண்டாக் கணக்கில் வந்துகொண்டிருந்த நாளில், எங்களுக்குப் பஞ்சம் வந்தது முக்கியமில்லாத பேச்சுக்கு. அது கிடைத்த வீட்டில் மனுஷர்கள் தாக்குப்பிடித்தார்கள். கிடைக்காத வீட்டில் டிவிக்கு முன்னால் வாடிப்போனார்கள்.

புதூரில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு பெஞ்சு உண்டு. இருபது வருஷமாக அதில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அங்கே பேசியதில் ஒரு விஷயம்கூட ஞாபகத்தில் இல்லை. அவ்வளவு உபயோகமில்லாத பேச்சு. தண்ணி லாரி ஏன் வரவில்லை, பக்கத்துத் தெருக்காரர் வாங்கிய வண்டி எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது, அந்தப் படத்தில் வில்லனாக நடித்தவர் இவரா அவரா. ராத்திரி இரண்டு மணிக்கும் இட்லி கிடைக்கிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் ஏப்ரல் 5 முதல் மத்தியானம் ஒரு மணிக்கே கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. டீக்கடை அதற்கும் முன்பே மூடிவிட்டது. மே 11 முதல் டீக்கடையைத் திறக்கலாம், ஆனால் பார்சல் மட்டும் என்று உத்தரவு வந்தது. நின்று குடிக்கக் கூடாது, உட்காரக் கூடாது. டீக்கடையில் டீயை மட்டும் விட்டுவைத்து மிச்சம் எல்லாவற்றையும் தடுத்துவிட்டார்கள். தூக்குவாளியில் வாங்கிவந்து வீட்டில் குடித்துப் பார்த்தால் அந்த டீ சுமார்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் அந்தப் பெஞ்சின் வேலையை எடுத்துக்கொண்டது அத்தைதான். தினமும் பதினொரு மணிவாக்கில் போன் வரும். எடுத்ததும் “என்ன குழம்பு?” கொரோனா எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. புளிக்குழம்பு என்றால் காய் என்ன என்பார். கத்தரிக்காய் என்றால் சொத்தையா, பிஞ்சா, கிலோ என்ன விலை என்று ஒவ்வொன்றாக வரும். பிறகு அவர் வீட்டு முறையாக, முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறியது, ரேஷன் கடையில் டோக்கன் கொடுக்க வந்த பையன் யார் மகன் என்கிற ஆராய்ச்சி. போனை வைத்த பிறகு யோசித்தால் கையில் ஒன்றுமே நிற்காது. ஆனாலும் அன்றைக்குச் சோறு இறங்கும்.

அத்தை கொடுத்ததில் பெரிய வரவு ஒரு கோழி. ஊரடங்கு அறிவிப்பு வந்ததற்கு முந்தின நாள் அடை வைத்திருக்கிறார். பிரதமர் 21 நாள் என்று சொன்னதும் எங்களுக்கு நெஞ்சு அடைத்தது. அத்தைக்குக் கணக்கு வேறாக ஓடியது. “என் கோழிக்கும் இருபத்தோரு நாளுதானடா. எது மொத எந்திரிக்குதுன்னு பாப்போம்” என்றார்.

அன்றிலிருந்து குடும்ப வாட்ஸப்பில் கோழிச் செய்தி வர ஆரம்பித்தது. உடைந்த மண்சட்டியில் மணலும் உமியும் பரப்பி, ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்று பதினொரு முட்டை. ஓரத்தில் ஒரு இரும்பு ஆணி, கரித்துண்டு, காய்ந்த மிளகாய் இரண்டு. எதற்கு என்றால் இடி இடித்தால் முட்டை கலங்கிவிடுமாம். ஒரு வாரம் போனதும் ராத்திரியில் செல்போன் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்து, உள்ளே சிவப்பாக நரம்பு ஓடுகிற படத்தை அனுப்பினார். திருப்பூரில் பனியன் கம்பெனி மூடி அறைக்குள் கிடந்த சித்தப்பா மகன், சென்னையில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுத மருமகள், எல்லாரும் கோழி விஷயத்தில் அபிப்பிராயம் சொன்னார்கள். இரை எடுக்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுந்திருக்கிறது என்பதில் பெரிய வாக்குவாதமே நடந்தது.

இதில் அதிகம் கேள்வி கேட்டவன் அத்தையின் பேரன். சிங்கப்பூரில் கட்டட வேலை. ஏப்ரல் 7ஆம் தேதி அங்கேயும் முடக்கம் வந்தது. அதற்கு முன்பே தொழிலாளர் விடுதிகளில் தொற்று ஏறி, ஒவ்வொரு விடுதியாக மூடிக்கொண்டு வந்தார்கள். ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், அடுக்குக் கட்டில், சாப்பாடு பொட்டலத்தில் வரும், வாசலைத் தாண்ட முடியாது. அவன் அறையைப் பற்றி நாங்கள் கேட்டால் “நல்லாத்தான் இருக்கோம்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவான். கோழியைப் பற்றி மட்டும் நிறுத்தாமல் கேட்பான். ஒருநாள் வீடியோவில் அறைத் தோழர்கள் எட்டிப்பார்த்தார்கள். புதுக்கோட்டைக்காரர், அரியலூர்க்காரர், பாஷை தெரியாத வங்கதேசத்துக்காரர் ஒருவர். எல்லாருக்கும் கோழி தெரிந்திருந்தது. அரியலூர்க்காரர், “ஆத்தா, கறுப்புக் கோழியா, செவலையா?” என்று கேட்டார். அத்தை அவரிடம் கால்மணி நேரம் பேசினார். பேரனிடம் இரண்டு நிமிஷம்தான். அன்று அவன் குரலில் இருந்த தெளிச்சியை வைத்துத்தான் அவனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நம்பினோம்.

சித்திரை ஒன்றாம் தேதி விடியும்போது ஒன்பது குஞ்சு பொரித்திருந்தது, இரண்டு கூமுட்டை. அன்றைக்குக் காலை பத்து மணிக்குப் பிரதமர் மறுபடி வந்து மே 3 வரை நீட்டித்தார். அத்தை சொன்னதை அச்சில் போட முடியாது. கோழி வாக்குத் தவறவில்லை என்கிற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மனத்தெம்பைப் பற்றிப் பேசவே மாதச் சம்பளம் வேண்டும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாத வருமானத்தில் வருஷத்தை ஓட்டுகிற கரகாட்டக்காரர்கள், பந்தல் போடுகிறவர்கள், மேளக்காரர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அரிசி கார்டுக்கு ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் வந்தது. அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? பசிக்கிறவனிடம் போய் என்ன குழம்பு என்று கேட்டால் அது அரட்டை இல்லை, அடாவடி. அத்தைக்கு இந்த விவரம் தெரியும். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பேசும்போது அந்தக் கேள்வியை எடுக்கவே மாட்டார். முதலில் முருங்கைக்கீரையும் முட்டையும் போய்ச் சேரும். பேச்சு அதற்குப் பிறகு.

மே 4ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம். கோயிலுக்குள் பட்டர்கள் மட்டும். நாங்கள் செல்போனில் பார்த்தோம். மங்கல நாண் பூட்டுகிற நேரம் பார்த்துப் படம் நின்று சுற்ற ஆரம்பித்தது. மதினி கையில் புது மஞ்சள் கயிற்றை வைத்துக்கொண்டு, மாற்றிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தார். பக்கத்து வீட்டிலிருந்து, “எங்க போன்ல கட்டியாச்சு, நீங்களும் கட்டிக்கங்க!” என்று குரல் வந்தது. கட்டிக்கொண்டார். சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்து இல்லை, மொய் எழுத வழி இல்லை, அழகர் அந்த வருஷம் வைகைக்கு வரவுமில்லை. தெருப் பெரியவர்களுக்கு அதைவிட மனக்கஷ்டம் வேறு இருந்ததாகத் தெரியவில்லை.

அரட்டையின் அருமையை நான் சரியாகப் பார்த்தது ஒரு சாவில். அந்த மே மாதத்தில் தேனிப் பக்கம் பெரியப்பா ஒருவர் தவறிப்போனார். கொரோனா இல்லை, வயசுதான். அடக்கத்துக்கு இருபது பேர்தான் போகலாம், மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். எங்களுக்குப் பாஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போனில் துக்கம் கேட்டேன். “கேள்விப்பட்டேன் பெரியம்மா.” அழுகை. “ஒடம்பப் பாத்துக்கங்க.” மறுபடி அழுகை. வைத்துவிட்டேன். அவருக்கு அன்று அப்படி அறுபது எழுபது போன் வந்திருக்கும். அறுபது எழுபது தடவையும் ஆரம்பத்திலிருந்து அழுதிருப்பார்.

இழவு வீட்டில் அப்படி நடக்காது. முதல் ஒரு மணி நேரம் கட்டிப்பிடித்து அழுகை. அப்புறம் வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே ஆம்பளைகள் வெங்காய விலையைப் பேசுவார்கள். ஒருவர் தன் மகளுக்கு வரன் பார்க்கச் சொல்லுவார். உள்ளே பெண்கள், யார் பிள்ளை யார் ஜாடை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். செத்தவரைப் பற்றியே ஒரு பழைய கதை வரும், அதில் அவர் ஏமாந்திருப்பார், சிரிப்பு வந்துவிடும். கணவனைப் பறிகொடுத்தவளே தலையைத் தூக்கி, “மதுரைலருந்து வந்தவகளுக்குச் சோறு போட்டீகளா?” என்று கேட்பாள். சின்ன வயதில் இதைப் பார்த்து, இவர்களுக்கு வருத்தமே இல்லையா என்று கோபப்பட்டிருக்கிறேன். பெரியம்மாவுக்கு அந்தச் சேர்களும் அந்த வெங்காய விலையும் கிடைக்கவில்லை. முக்கியமான வார்த்தைகள் மட்டுமே கிடைத்தன. ஒரு மாதம் கழித்து அத்தை அவருக்குப் போன் போட்டு, “என்ன குழம்பு வச்ச?” என்று கேட்டதற்கு, “வைக்கவே இல்ல மதினி, ரசந்தான்” என்று அரைமணி நேரம் பேசினாராம். அதில் அழுகை எவ்வளவு, ரசம் எவ்வளவு என்று அத்தை சொல்லவில்லை.

இப்படிச் சொல்வதால் தெருப் பேச்சு எல்லாமே மருந்து என்று ஆகிவிடாது. ஜூன் 24ஆம் தேதி மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு வந்தது. இந்தத் தடவை நோய் தெருவுக்குள் வந்துவிட்டது. எங்கள் எதிர் வரிசையில் ஒரு வீட்டுக்காரரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாசலில் தகரம் அடித்தார்கள். உள்ளே அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அன்று சாயங்காலம் மொட்டை மாடிகளில் பேச்சு நன்றாகத்தான் நடந்தது. எங்கே போய் வாங்கிவந்தார், யார் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார், எந்தக் கடையில் நின்றார். அதே வாய்கள், அதே மாலை நேரம். ஆனால் பேச்சு அந்த வீட்டைப் பற்றி இருந்தது, அந்த வீட்டோடு இல்லை. பால்காரர் பாக்கெட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஓடினார். காய்கறி வண்டி அந்த வாசலைத் தாண்டும்போது மட்டும் வேகமெடுத்தது. எங்களில் சிலர் போன் செய்து, “தைரியமா இருங்க, ஏதும் வேணும்னா சொல்லுங்க” என்றோம். அந்த வீட்டம்மா ஒன்றும் வேண்டாம் என்றார். வேறென்ன சொல்வார்?

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வழக்கமாக வருகிற காய்கறிக்கார அக்கா வண்டியைத் தகரத்துக்கு நேராக நிறுத்தினார். முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு, தராசுத் தட்டால் வண்டிச் சட்டத்தைத் தட்டினார்.

“ஏத்தா, உள்ள இருக்கியா தூங்குறியா? கத்திரிக்கா இருக்கு, முருங்கக்கா இருக்கு. என்ன வேணும்?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு தகரத்துக்குப் பின்னாலிருந்து, “கத்திரிக்கா எவ்வளவு?”

“கிலோ நாப்பது.”

“முன்னூத்துப் பதினாறாம் நம்பர் வீட்டுல முப்பதுன்னு குடுத்தியாம்ல காலைல?”

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துத் திரும்பினார். மாடிகளில் நின்ற எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, “வாசல்ல தகரமே அடிச்சாலும் இவளுக்கு வெல மட்டும் எந்த வழியாத்தான் போகுதோ!” என்றார்.

முப்பத்தைந்துக்கு முடிந்தது. கறிவேப்பிலை இனாம்.